பைக் ஸ்பேர் பார்ட்ஸ்: எதைக் கடையில் வாங்கலாம், எதை ஆன்லைனில் வரவழைக்கலாம்

கடையோ ஆன்லைனோ, பார்ட் நம்பர் தெரியாமல் ஸ்பேர் வாங்கப் போகாதீர்கள். "ஸ்ப்ளெண்டர் பிரேக் ஷூ", "பல்சர் கிளட்ச் கேபிள்" என்று வண்டிப் பெயரை மட்டும் சொல்லி வாங்கிய காலம் போய்விட்டது. 2017 ஏப்ரலில் பிஎஸ்4 என்ற புகை விதி வந்தது. 2019 ஏப்ரலில் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ்ஸும் (பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) அதற்குட்பட்டவற்றுக்கு சிபிஎஸ்ஸும் (ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரு சக்கரமும் பிடிப்பது) கட்டாயமாயின. 2020 ஏப்ரலில் பிஎஸ்6. ஒவ்வொரு முறையும் வண்டியின் பெயர் அப்படியே இருக்க, உள்ளே பாகங்கள் மாறின.

பிஎஸ்6 ஸ்ப்ளெண்டரில் கார்புரேட்டரே கிடையாது, ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்தான். அதனால் பழைய வண்டியின் ஆக்சிலேட்டர் கேபிளையும் ஏர் ஃபில்டரையும் அதற்கு நம்பி வாங்க முடியாது. ஆக்டிவா 5ஜி வரைக்கும் முன் சக்கரம் 10 இஞ்ச். 2020-இல் வந்த 6ஜி-யில் அது 12 இஞ்ச் ஆனது, முன் சஸ்பென்ஷனும் டெலஸ்கோப்பிக் ஆனது. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-இல் 2021-க்கு முந்தைய இன்ஜின் வேறு, அதன்பின் வந்த ஜே சீரிஸ் இன்ஜின் வேறு. ஒன்றின் கேஸ்கெட் மற்றொன்றில் உட்காராது. பல்சர் 150 ட்வின் டிஸ்க்கில் முன் ஃபோர்க் தடிமன் அதிகம், ஒற்றை டிஸ்க் வண்டியின் ஃபோர்க் ஆயில் சீல் அதற்குள் பொருந்தாது. ஆன்லைனில் வாங்கி ஏமாந்ததாகச் சொல்பவர்களில் பலருக்கு வந்தது போலிப் பொருளே அல்ல. நல்ல பொருள்தான், வேறு வண்டிக்கானது.

நம்பரை எப்படிப் பிடிப்பது

மூன்று வழிகள் உண்டு. முதலாவது, கழற்றிய பழைய பாகத்திலேயே பார்ப்பது. பேரிங்கின் பக்கவாட்டிலும், ஆயில் சீலின் முகப்பிலும், பெல்ட்டின் வெளிப்புறத்திலும், பிளக்கின் பீங்கானிலும் நம்பர் இருக்கும். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தேய்ந்த எழுத்துகூடத் தெரியும். இரண்டாவது, உங்கள் மாடலின் பார்ட்ஸ் கேட்லாக். வண்டியைப் பிரித்துப் போட்டதுபோல் படம் வரைந்து, ஒவ்வொரு பாகத்துக்கும் எண் கொடுத்திருப்பார்கள். பல மாடல்களுக்கு இது பிடிஎஃப் ஆகவே கிடைக்கிறது. மூன்றாவதுதான் மிக உறுதியானது. ஆர்சி புத்தகத்தில் இருக்கும் 17 எழுத்து சேசிஸ் நம்பரை டீலரின் பார்ட்ஸ் கவுன்ட்டரில் கொடுங்கள். கம்ப்யூட்டரில் அந்த வண்டிக்கு உரிய பாகத்தை எடுத்துச் சொல்வார்கள். அங்கே வாங்கினாலும் வாங்காவிட்டாலும் நம்பரையும் எம்ஆர்பியையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.

ஹோண்டா நம்பர்களைப் படிக்கக் கற்றுக்கொள்வது எளிது. 5 இலக்கம், 3 எழுத்து, 3 எழுத்து என்று மூன்று துண்டாக இருக்கும். முதல் ஐந்து என்ன பாகம் என்று சொல்லும்: 22870 என்றால் கிளட்ச் கேபிள், 06455 என்றால் முன் டிஸ்க் பேட் செட். நடு மூன்று எந்த மாடலுக்காக முதலில் செய்தது என்று சொல்லும். கடைசி மூன்று அதன் திருத்தம். ஹீரோ, ஹோண்டாவோடு சேர்ந்திருந்த காலத்தில் வந்த மாடல்களிலும் இதே அமைப்பைக் காணலாம். யமஹாவில் முதல் மூன்று எழுத்து மாடலைக் குறிக்கும். கடைக்காரர் நீட்டும் பெட்டியில் முதல் ஐந்து பொருந்தி, நடு மூன்று மாறியிருந்தால் அது அதே வகைப் பாகம், ஆனால் வேறு மாடலுக்கானது. சில நேரம் பொருந்தும், சில நேரம் அரை அங்குலம் நீளம் குறையும். பழைய பாகத்தை அருகில் வைத்துப் பார்க்காமல் எடுக்கக்கூடாது.

ஒரு நம்பரைத் தேடும்போது "இது நிறுத்தப்பட்டுவிட்டது" என்று வந்தால் உடனே மனம் தளர வேண்டாம். கம்பெனி அந்தப் பாகத்தைத் திருத்திப் புது நம்பர் கொடுத்திருக்கலாம். பழைய நம்பரை அடித்தால் புது நம்பரைக் காட்டும் வசதி டீலர் கவுன்ட்டரில் உண்டு.

"கம்பெனி ஐட்டம்" என்றால் எந்தக் கம்பெனி?

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் "ஒரிஜினல் இருக்கு, கம்பெனி இருக்கு, லோக்கல் இருக்கு, எது வேணும்?" என்று கேட்பார்கள். ஒரிஜினல் என்றால் வண்டிக் கம்பெனியின் பெட்டியில் வருவது. கம்பெனி என்பது பெரும்பாலும் பெயர்பெற்ற பாகத் தயாரிப்பாளர்களின் சொந்தப் பெட்டியில் வருவது. கோவை எல்ஜிபியின் ரோலான் செயின், முருகப்பா குழுமத்தின் டைமண்ட் செயின், என்ஜிகே, பாஷ் பிளக்குகள், எஸ்கேஎஃப், என்பிசி பேரிங்குகள், எக்ஸைடு, அமரான் பேட்டரிகள், கேப்ரியல், எண்டூரன்ஸ் ஷாக் அப்சார்பர்கள், மிண்டா சுவிட்சுகள், லூகாஸ் டிவிஎஸ் மோட்டார்கள் எல்லாம் இந்த வகை. இவர்களில் பலர் வண்டிக் கம்பெனிகளுக்கும் பாகம் செய்து கொடுப்பவர்கள். அதனால் ஒரிஜினலைவிடக் குறைந்த விலையில் கிட்டத்தட்ட அதே தரம் கிடைக்கும் இடம் இதுதான். எங்கள் கருத்தில், செயின் செட், பேரிங், பிளக், பல்பு, பேட்டரி ஆகியவற்றுக்கு வண்டிக் கம்பெனிப் பெட்டிக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. கிளட்ச் பிளேட், கேஸ்கெட், வால்வு சீல், ஆயில் பம்ப், சென்சார் ஆகியவற்றுக்குக் கொடுக்கத்தான் வேண்டும்.

லோக்கல் என்பதில் எல்லாம் மோசம் என்று சொல்ல முடியாது. மட்கார்டு, சைடு பாக்ஸ் பிளாஸ்டிக், கண்ணாடி, ஃபுட்ரெஸ்ட் ரப்பர் ஆகியவற்றில் லோக்கல் போதும். உடைந்தால் வண்டி அசிங்கமாகத் தெரியுமே தவிர, ஆளுக்கு ஆபத்தில்லை. ஆனால் பெயரில்லாத பிரேக் ஷூவும் ஆக்சிலேட்டர் கேபிளும் வாங்கக்கூடாது. ஷூவில் லைனிங் ஒட்டு விட்டு டிரம்முக்குள் சிக்கினால் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும்.

கடையில் நேரில் வாங்க வேண்டியவை

பேட்டரி. இதை ஆன்லைனில் வாங்கி மிச்சம் பிடிப்பது அரிது. கடையில் பழைய பேட்டரியை எடுத்துக்கொண்டு விலையில் கழிப்பார்கள். வாரன்டி கார்டில் கடை முத்திரையும் தேதியும் இருக்கும், எட்டு மாதத்தில் போனால் அதே கடைக்கு எடுத்துப் போகலாம். வாங்கும்போது மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 12.4-க்குக் கீழே இருந்தால் நாள்கணக்கில் அலமாரியில் கிடந்த பேட்டரி, வேறு எடுக்கச் சொல்லலாம். தயாரிப்பு மாதமும் ஆண்டும் மேலே அச்சாகியிருக்கும். இன்னொன்று: பேட்டரி அடிக்கடி போகிறது என்றால் புதிது வாங்கும் முன் சார்ஜிங்கைச் சோதியுங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்து, கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்துப் பிடித்தால் பேட்டரி முனைகளில் 13.5-லிருந்து 14.8 வோல்ட் வரை காட்ட வேண்டும். 15-ஐத் தாண்டினால் சார்ஜிங் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போயிருக்கிறது, புதுப் பேட்டரியையும் அது கொதிக்க வைத்துவிடும். 13-ஐத் தொடவே இல்லையென்றால் பேட்டரியைக் குறை சொல்லிப் பயனில்லை.

டயர். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஆறு மாதத்துக்குள் செய்த டயரைக் கேட்டு வாங்குங்கள். ஆன்லைனில் இந்தத் தேதியை முன்கூட்டிப் பார்க்க முடியாது. அளவு சரியாக இருந்தாலும் போதாது, தாங்கும் எடையையும் பார்க்க வேண்டும். பழைய ஸ்ப்ளெண்டரில் முன்னும் பின்னும் அளவு 2.75-18 தான். ஆனால் முன் டயரில் 42 என்றும் பின் டயரில் 48 என்றும் இருக்கும். 42 என்றால் 150 கிலோ, 48 என்றால் 180 கிலோ. அளவு ஒன்றுதானே என்று முன் டயரைப் பின்னால் போட்டால், இரண்டு பேரும் ஒரு கேஸ் சிலிண்டரும் ஏறும்போது பக்கச் சுவர் நசுங்கி ஓடும், சீக்கிரமே வெடிப்பு விடும். ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத டயரைத் தொடவே வேண்டாம். அம்புக்குறி இருந்தால் அது சுற்றும் திசைக்குத்தான் மாட்டியிருக்கிறதா என்று மாட்டி முடித்ததும் பாருங்கள்.

இன்ஜின் ஆயில். போலிக்கு மிகவும் வசதியான சரக்கு இது. நல்ல பிராண்டின் காலி டப்பாவில் வேறு ஆயிலை ஊற்றி விற்பார்கள். டீலரிடமோ, அந்தக் கம்பெனியின் பெட்ரோல் பங்கிலோ வாங்குவது நல்லது. மூடியின் வளையம் உடையாமல் இருக்க வேண்டும், திறந்ததும் உள்சீல் முழுதாக ஒட்டியிருக்க வேண்டும், டப்பாவில் பேட்ச் நம்பர் அச்சாகியிருக்க வேண்டும். ஊற்றி முடித்த காலி டப்பாவை அப்படியே பட்டறையில் விட்டு வராமல் ஓட்டை போட்டுவிடுங்கள். பைக்குக்கு ஜாசோ என்ற ஜப்பானியத் தரக் குறியீட்டில் எம்ஏ அல்லது எம்ஏ2 என்று எழுதிய ஆயில்தான் வேண்டும். கிளட்ச் அந்த ஆயிலிலேயே மூழ்கி ஓடுகிறது. கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருப்பதால் கிளட்ச் வழுக்கும். எம்பி என்று எழுதியது கியரில்லாத ஸ்கூட்டருக்கானது.

சென்சார், இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), ரெகுலேட்டர் போன்ற மின்பாகங்கள். பிஎஸ்6 வண்டியில் இன்ஜின் விளக்கு எரிந்தால், யூடியூப் பார்த்து ஏதோ ஒரு சென்சாரை ஆர்டர் போடுவது பணத்தைக் கரைக்கும் நேர்வழி. முதலில் ஸ்கேனர் வைத்து ஃபால்ட் கோடை (கோளாறைச் சுட்டும் குறியீட்டு எண்) எடுங்கள். கோடு ஒரு சென்சாரைச் சுட்டினாலும் பல நேரம் குற்றவாளி அதற்குப் போகும் வயரோ கனெக்டரோதான். மழைத்தண்ணீர் இறங்கிப் பச்சை பூத்திருக்கும், சுத்தம் செய்து அழுத்தி மாட்டினால் சரியாகிவிடும். மின்பாகத்தை ஒருமுறை மாட்டிப் பார்த்துவிட்டால் பெரும்பாலான விற்பனையாளர்கள் திரும்ப எடுக்க மாட்டார்கள், கடைக்காரர்களும் அப்படித்தான். உறுதியாகத் தெரிந்த பிறகே வாங்க வேண்டும்.

பிஸ்டன். ஆர்எக்ஸ்100 வைத்திருப்பவர்கள் இதில்தான் அதிகம் அடிபடுகிறார்கள். அந்த வண்டியின் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 50 மி.மீ. சிலிண்டர் தேய்ந்தால் 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ என்று ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுக்கொண்டே போகலாம். சிலர் "0.50 போர் போட்டு வைங்க, பிஸ்டன் ஆன்லைன்ல வருது" என்று லேத்தில் சொல்லிவிடுவார்கள். இது முறையே தலைகீழ். முதலில் லேத்தில் சிலிண்டரை அளக்கச் சொல்லுங்கள். எந்த சைஸில் சுத்தமாகத் தேய்மானம் எடுபடும் என்று அவர் சொல்வார். அந்த சைஸ் பிஸ்டனை வாங்கிக் கையில் கொடுத்த பிறகுதான், அதையே மைக்ரோமீட்டரில் அளந்து போர் போட வேண்டும். 50 (அதாவது 0.50 ஓவர்சைஸ்) என்று தலையில் அடித்த இரண்டு பிஸ்டன்களுக்குள்ளேயே நூறில் ஒரு பங்கு, இரண்டு பங்கு மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். இடைவெளி இறுக்கமானால் சூடேறியதும் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், தளர்வானால் குளிர்ந்த இன்ஜினில் கடகட சத்தம் வரும். இந்த வேலைக்குப் பிஸ்டன், ரிங், பின், சர்க்ளிப் ஆகியவற்றை ஒரே பெட்டியாக, லேத்துக்குப் பக்கத்துக் கடையில் வாங்குவதுதான் சரி. பொருந்தாவிட்டால் பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம்.

கிளட்ச், பிரேக் கேபிள்களையும் கடையிலேயே வாங்குங்கள். விலை சிறிது, அனுப்பும் கூலியே பாகத்தின் விலையை நெருங்கிவிடும். பழைய கேபிளைச் சுருட்டி எடுத்துப் போய் இரண்டையும் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். வெளி உறையின் நீளம், உறைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உள்கம்பியின் நீளம், நுனியில் இருக்கும் ஈயக் குண்டின் வடிவம், இந்த மூன்றும் ஒத்திருக்க வேண்டும்.

ஆன்லைனில் தாராளமாக வாங்கக்கூடியவை

உலகத்துக்கே பொதுவான எண் எந்தப் பாகத்தில் இருக்கிறதோ, அதை எங்கே வாங்கினாலும் ஒன்றுதான். ஸ்பார்க் பிளக் அதற்கு நல்ல உதாரணம். என்ஜிகே சிஆர்8இ என்பதில் சி என்றால் மரை 10 மி.மீ, ஆர் என்றால் உள்ளே ரெசிஸ்டர் உண்டு, 8 என்பது வெப்ப எண், இ என்றால் மரையின் நீளம் 19 மி.மீ. கடைசியில் -9 என்று இருந்தால் இடைவெளி 0.9 மி.மீ. நீளம் மாறினால் பிளக் பிஸ்டனில் இடிக்கும் அல்லது உள்ளே எட்டாமல் கரி பிடிக்கும். என்ஜிகேயில் எண் கூடினால் குளிர்ந்த பிளக், அதாவது சூட்டை வேகமாக வெளியேற்றுவது. பாஷில் இது நேர்மாறு, எண் குறைந்தால்தான் குளிர்ந்த பிளக். ஒரு பிராண்டிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது எண்ணை அப்படியே தேடாமல், பொருத்த அட்டவணை பார்த்து மாற்ற வேண்டும்.

பேரிங்கும் அப்படித்தான். 6202 என்றால் எந்த ஊரிலும் உள்விட்டம் 15, வெளிவிட்டம் 35, அகலம் 11 மி.மீ. 6301 என்றால் 12, 37, 12. எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தையும் சேர்த்துத் தேடுங்கள். 2ஆர்எஸ் என்றால் இரு பக்கமும் ரப்பர் மூடி, இசட்இசட் என்றால் தகட்டு மூடி, சி3 என்றால் உள்ளே இடைவெளி சற்று அதிகம். சக்கரத்துக்கு ரப்பர் மூடி நல்லது, தண்ணீர் இறங்காது. பேரிங்கில் போலி நிறைய வருகிறது. எஸ்கேஎஃப் இதைச் சோதிக்கவென்றே ஒரு செயலி வைத்திருக்கிறது.

ஹெட்லைட் பல்பு வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. நம் ஊர் பைக்குகளில் பலவற்றுக்கு எச்எஸ்1 என்ற 35/35 வாட் பல்பு. பார்ப்பதற்கு அதே மாதிரி இருக்கும் எச்4 பல்பு 60/55 வாட். வெளிச்சம் கூடும் என்று எச்4-ஐ மாட்டினால் ஹோல்டர் உருகும், வயர் கருகும், பேட்டரி இறங்கும். வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும் வாட்டை மீறாதீர்கள்.

டூல்ஸ், மேக்னட் புல்லர், ஃபீலர் கேஜ், சேணப் பைகள், மொபைல் ஹோல்டர், உற்பத்தி நின்றுபோன வண்டிகளின் பாகங்கள் எல்லாம் ஆன்லைனில்தான் தேர்வுக்கு நிறையக் கிடைக்கின்றன. சிறு ஊர்களில் இருப்பவர்களுக்கு இது பெரிய வரம். கடையில் இல்லாததை டவுனிலிருந்து வரவழைக்க ஒரு வாரம் காத்திருப்பதைவிட, கம்பெனியின் சொந்தத் தளத்திலேயே ஆர்டர் போட்டுவிடலாம்.

செயின் செட்டை இரண்டு இடத்திலும் வாங்கலாம், ஆனால் மூன்று எண்களை எழுதிவைத்துக்கொண்டு வாங்குங்கள்: முன் ஸ்ப்ராக்கெட்டின் (செயின் ஓடும் பல்சக்கரம்) பல், பின் ஸ்ப்ராக்கெட்டின் பல், செயினின் லிங்க் எண்ணிக்கை. செயின் அளவு சின்ன வண்டிகளில் பெரும்பாலும் 428, கேடிஎம் டியூக் போன்றவற்றில் 520. 428-இல் லிங்குக்கு லிங்க் 12.7 மி.மீ, 520-இல் 15.875 மி.மீ. கூடவே பின் ஸ்ப்ராக்கெட்டின் போல்ட் ஓட்டைகளை எண்ணுங்கள். சில மாடல்களில் ஸ்போக் வீலுக்கும் அலாய் வீலுக்கும் அது மாறும். விளம்பரத்தில் வண்டிப் பெயர் மட்டும் போட்டு இந்த எண்களைப் போடாத செட்டை விட்டுவிடுங்கள். செயினை மட்டும் மாற்றிவிட்டுத் தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டை அப்படியே வைப்பதும் வேண்டாம். கொக்கிபோல் வளைந்த பல் புதுச் செயினையும் இழுத்து நீட்டிவிடும். லாக் கிளிப்பை மாட்டும்போது அதன் திறந்த வாய், செயின் ஓடும் திசைக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். ஓ-ரிங் செயினைப் பெட்ரோலால் கழுவினால் ரப்பர் வளையம் கெட்டுப்போகும்.

ஆர்டர் போடும் முறை

வண்டிப் பெயரை வைத்துத் தேடாதீர்கள், பார்ட் நம்பரை முழுதாக அடியுங்கள். வரும் பக்கத்தில் விற்பவர் யார் என்று பாருங்கள். அமேசான், ஃபிளிப்கார்ட் போன்ற தளங்களில் ஒரே பொருளைப் பல பேர் விற்பார்கள், தளம் வேறு, விற்பவர் வேறு. விற்பவரின் பெயரும் முகவரியும் காட்டப்பட வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதி. விமர்சனங்களில் நட்சத்திரத்தை எண்ணுவதைவிட, வாங்கியவர்கள் போட்ட படங்களைப் பாருங்கள். பெட்டியின் லேபிள் தெரியும் படம் ஒன்று கிடைத்தால் நம்பரை ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

டீலரிடம் குறித்து வந்த எம்ஆர்பி இப்போது கைகொடுக்கும். ஒரிஜினல் பாகம் எம்ஆர்பியில் பாதி விலைக்கு வருகிறது என்றால் அது ஒரிஜினலாக இருக்க வழியில்லை. எம்ஆர்பிக்கு மேலே போட்டிருந்தால் அது சட்டப்படியே தவறு. அனுப்பும் கூலியைச் சேர்த்து, மாட்டும் கூலியையும் சேர்த்து, வண்டி நிற்கும் நாள்களில் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் போகும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஐம்பது ரூபாய் மிச்சத்துக்காக நான்கு நாள் வண்டியைப் பிரித்துப் போட்டு வைப்பது யாருக்கும் கட்டாது.

பார்சல் வந்ததும், ஒட்டிய முகவரிச் சீட்டு தெரியும்படி ஆரம்பித்து, வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்துக்கொண்டு பிரியுங்கள். பாகத்தை உடனே மாட்டாதீர்கள். பழையதைப் பக்கத்தில் வைத்து, வெர்னியரில் நீளம், விட்டம், ஓட்டை இடைவெளி மூன்றையும் அளந்து பாருங்கள். கிரீஸ் கறை பட்ட பொருளை எவரும் திருப்பி எடுக்க மாட்டார். பாகம் கைக்கு வரும்வரை வண்டியைப் பட்டறையில் பிரிக்கக் கொடுக்கவும் கூடாது.

போலியைக் கண்டுபிடிப்பது

பெட்டியில் தயாரிப்பாளரின் பெயர், முகவரி, மாதம், ஆண்டு, எம்ஆர்பி, புகார் எண் எல்லாம் இருக்க வேண்டும். இறக்குமதி என்றால் எந்த நாடு என்றும் இருக்க வேண்டும். ஹோலோகிராமை மட்டும் நம்பாதீர்கள், அதையும் அச்சடிக்கிறார்கள். க்யூஆர் கோடு இருந்தால் ஸ்கேன் செய்யுங்கள், கம்பெனியின் சொந்தத் தளத்துக்குத்தான் போகிறதா என்று முகவரியைப் படியுங்கள்.

பாகத்தையே கையில் எடுத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். நல்ல பாகத்தில் வார்ப்பு விளிம்பில் பிசிறு இருக்காது. நம்பர் ஆழமாக, ஒரே சீராக அடித்திருக்கும். பிரேக் ஷூவில் லைனிங்குக்கும் அலுமினியத்துக்கும் நடுவே பசை வழிந்திருக்காது, நகத்தால் தட்டினால் உள்ளீடற்ற ஒலி வராது. ரப்பரை வளைத்துப் பாருங்கள். வெயில் படும் கண்ணாடி அலமாரியில் வருடக்கணக்கில் கிடந்தது என்றால் மயிரிழை விரிசல் தெரியும். ஒரிஜினலாகவே இருந்தாலும் அது ஆகாது. எடையும் சொல்லும், பெயரில்லாத கிளட்ச் பிளேட்டும் ஸ்ப்ராக்கெட்டும் கையில் பஞ்சாக இருக்கும்.

மெக்கானிக்கிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்

கடைக்காரர் மெக்கானிக்குக்கு விலையில் கழிவு கொடுப்பது ஊரறிந்த வழக்கம். அவர் கடைக்குப் போய், சரியான பாகம் பார்த்து, தவறினால் மாற்றி வரும் உழைப்புக்கு அது கூலி. நீங்களே பாகம் வாங்கிப் போனால் அந்த வருமானம் அவருக்குக் கிடைக்காமல் போகிறது. "அண்ணே, ஸ்பேர் நானே வாங்கித் தரேன், மாட்டுற கூலி எவ்வளவு ஆகும்?" என்று வண்டியைப் பிரிக்கும் முன்பே கேளுங்கள். கூலியை அவர் சற்றுக் கூட்டிச் சொன்னால் அதில் நியாயம் உண்டு. நீங்கள் கொடுத்த பாகம் பத்து நாளில் போனால் திரும்ப மாட்டும் கூலி உங்களுடையது, அவர் வாங்கிய பாகம் போனால் பொறுப்பு அவருடையது. இதைத் தெளிவாகப் பேசிக்கொண்டால் சண்டை வராது. பழைய பாகத்தை எப்படியும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றியதற்கு அதுதான் சாட்சி, அடுத்த முறை நம்பர் பார்க்கவும் உதவும்.

வாரன்டியில் இருக்கும் வண்டிக்கு வெளியில் எதையும் மாட்டும் முன் ஒருமுறை யோசியுங்கள். ஃபாக் லைட்டுக்காக வயரிங்கை வெட்டி ஒட்டினால், பின்னால் வரும் மின்கோளாறுக்கெல்லாம் அதையே காரணம் காட்டி வாரன்டியை மறுக்க இடம் கொடுத்ததாகும்.

சென்னையில் புதிய பாகங்களுக்கும் அக்சஸரிகளுக்கும் அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பழைய பாகங்களுக்குப் புதுப்பேட்டை. பழைய பாகத்தில் அலாய் வீல், ஃபோர்க் பைப், டேங்க், ஹெட்லைட் டூம், சீட் வாங்கலாம். ஃபோர்க் பைப்பைச் சமதளக் கண்ணாடியின் மேல் உருட்டிப் பாருங்கள், அடியில் வெளிச்சம் ஆடினால் வளைந்திருக்கிறது. அலாய் வீலில் விளிம்பைச் சுற்றி விரலால் தடவுங்கள், வெல்டிங் வைத்துப் பெயின்ட் அடித்த இடம் தடிப்பாகத் தட்டுப்படும். பழைய பிரேக் பாகம், ஹேண்டில்பார், டயர் வேண்டாம். சேசிஸ் நம்பரோ இன்ஜின் நம்பரோ அடித்த பாகத்தைத் தாளில்லாமல் வாங்கவே கூடாது. திருட்டு வண்டியிலிருந்து கழற்றியதாக இருந்தால், தெரிந்தே வாங்கியவர்மேலும் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆவது பிரிவின்கீழ் வழக்கு வரும்.

பில்லும் புகாரும்

2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்கள் எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்கு முன் பெரும்பாலானவற்றுக்கு 28 சதவீதம். கடைகளில் பழைய எம்ஆர்பி அச்சடித்த பெட்டிகள் இன்னும் இருக்கும். 28 சதவீதம் சேர்த்து 1,280 ரூபாய் போட்ட பாகம் 18 சதவீதத்தில் 1,180 ரூபாய்தான் ஆகிறது. "புது விலை என்னண்ணே?" என்று கேட்டு வாங்குங்கள்.

பில்லில் பார்ட் நம்பர், பிராண்ட், தேதி மூன்றும் இருக்கட்டும். வெறும் "ஸ்பேர்ஸ்" என்று எழுதிய துண்டுச் சீட்டை வைத்து வாரன்டி கேட்க முடியாது. ஆன்லைன் என்றால் விற்பவர் அனுப்பும் வரிப் பில்லை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பொருள் தவறாகவோ போலியாகவோ வந்தால் முதலில் தளத்தின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று விதி சொல்கிறது. அவர்கள் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம், அதற்கும் மேலே போக வேண்டுமானால் நுகர்வோர் ஆணையத்தில் இணையம் வழியாகவே வழக்குப் பதியலாம். பார்சல் பிரித்த வீடியோ, பில், பெட்டியின் லேபிள், பழைய பாகமும் புதியதும் ஸ்கேலோடு பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் ஒரு படம், இந்த நான்கையும் புகாரோடு இணைத்து அனுப்புங்கள்.